தடுப்பே அடியாக: சலாம் வரிசையிலிருந்து துவாஸ் வரை நம்மவர் கம்பு

நம் சங்கத்தின் இந்தப் பொன்விழா மலரில் பள்ளிவாசல்களைப் பற்றியும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் சங்கத்தை வளர்த்த பெரியவர்களைப் பற்றியும் பலர் எழுதுகிறார்கள். நாங்கள் எழுத வந்திருப்பது கம்பைப் பற்றி. ஒரு காலத்தில் நம் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கும் கந்தூரிகளுக்கும் முன்னால் சுழன்ற, இன்று நம் பிள்ளைகளில் பலர் படத்தில் மட்டும் பார்த்திருக்கும் சிலம்பக் கம்பு அது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்த ஒரு வாத்தியாரிடம், 1990களின் கடைசியில், நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பு பழகினோம். தென்காசிப் பக்கத்து மனிதர். சங்கத்தின் பழைய உறுப்பினர்கள் பலருக்கு அவரைத் தெரியும். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார் என்பதால் வாத்தியார் என்றே எழுதுகிறோம். ஊரில் கற்ற சிலம்பத்தை அவர் இங்கே தமக்கென்று ஒரு முறையாக மாற்றிக்கொண்டார். அந்த முறையை அவர் எழுதி வைக்கவில்லை. நாங்களும் எழுதி வைக்கவில்லை. அவர் ஊர் திரும்பி மௌத்தான பிறகுதான் அது எங்களுக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை அந்தக் கடனில் ஒரு பங்கு.

சலாமில் தொடங்கும் கலை

சிலம்பத்தில் ஆட்டம் தொடங்கும் முன் செய்யும் வணக்க அசைவுகளுக்குச் சலாம் வரிசை என்று பெயர். சலாவரிசை என்றும் சொல்வார்கள். நிலத்தையும் ஆசானையும் எதிரே நிற்பவரையும் அவையையும் மதித்துச் செய்யும் காலடியும் கைவீச்சும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் எந்தச் சமயத்தைச் சேர்ந்த வாத்தியாரிடம் பழகினாலும் இந்தச் சொல் காதில் விழும். தமிழ் மண்ணின் கலை ஒன்று அரபுச் சொல்லைத் தன் வாசற்படியில் வைத்திருக்கிறது என்றால், அந்த வாசலில் நம்மவர்களும் நெடுங்காலம் புழங்கியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். சிலம்ப வகைகளை எண்ணும்போது நாகம் பதினாறு, கள்ளப்பத்து, குறவஞ்சி, பனையேறி மல்லு ஆகியவற்றோடு துலுக்காணம் என்றும் ஒன்றைச் சொல்வார்கள். பெயரை மட்டும் வைத்து வரலாறு கட்ட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் இந்தக் கலை எந்த ஒரு சாராருக்கும் தனிச் சொத்தாக இருந்ததில்லை என்பதற்குச் சலாம் என்ற அந்த ஒரு சொல்லே போதும்.

கம்பு ஏழையின் ஆயுதம். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதோடு பாளையக்காரர் போர் முடிந்தது. கும்பினி அரசு மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க உத்தரவிட்டது. போரில் பிடிபட்டவர்களில் 70க்கும் மேற்பட்டோர் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். பின்னர் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. வாளும் ஈட்டியும் போன பிறகு ஆடு மேய்ப்பவன் கையிலும் வண்டிக்காரன் கையிலும் மிஞ்சியது கம்புதான். திருவிழாவிலும் கல்யாணத்திலும் அது விளையாட்டாக நிலைத்தது.

சிங்கப்பூருக்கு நம்மவர்கள் வந்த கதை இந்த மலரின் வேறு பக்கங்களில் விரிவாக இருக்கும். ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல் கட்டும் வேலை 1907இல் தொடங்கியது. கடற்கரை ஊர்களிலிருந்து வணிகர்களும், பின்னர் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக உழைப்பாளிகளும் வந்தார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தைச் சுற்றி அவர்கள் வாழ்ந்தார்கள். 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியவர்களும் அவர்களே. பாயும் பெட்டியும் கொண்டு வந்தவர்கள் கையோடு பழக்கங்களையும் கொண்டு வந்தார்கள். ஊரில் மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னால் கம்பு சுற்றிய மாமாக்களைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே மாடி வீடுகளுக்குக் குடிபோன பிறகு அந்தக் கம்புகள் துணி காயப்போடும் மூங்கில்களோடு சேர்ந்து நின்றன.

படங்கள் அந்த நினைவைக் கொஞ்சம் காப்பாற்றின. 1963இல் 'பெரிய இடத்துப் பெண்' படத்திலும் 1971இல் 'ரிக்‌ஷாக்காரன்' படத்திலும் எம்.ஜி.ஆர். கம்பு எடுத்தபோது இங்கே திரையரங்கில் விசில் அடித்தவர்களில் எங்கள் அத்தாமார்களும் உண்டு. ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே அவர் கம்பு வீசும் காட்சியை இன்றும் அவர்கள் சொல்லிக் காட்டுவார்கள்.

கம்பின் கணக்கு

சிலம்பக் கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றி உயரம் இருக்கும். ஏறக்குறைய ஐந்தரை அடி. கெட்டி மூங்கிலையோ பிரம்பையோ பார்த்து வெட்டி, நிழலில் உலர்த்தி, நெருப்பில் வாட்டி வளைவு நிமிர்த்தி, எண்ணெய் பூசி வைப்பார்கள். நீரில் ஊறப்போட்டும், ஓடும் தண்ணீரின் மேல் அடித்தும் உறுதி பார்ப்பது உண்டு. சுழற்றும்போது வரும் ஓசையை வைத்தே நல்ல வாத்தியார் வீச்சின் வேகத்தைச் சொல்லிவிடுவார்.

பழகும் முறை எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் காலடி. கையில் கம்பு இல்லாமலேயே வாரக்கணக்கில் நடக்க வைப்பார்கள். பிறகு ஒற்றைக் கை வீச்சு, இரட்டைக் கை வீச்சு. பிறகு அடி, குத்து, வெட்டு, வாரல். அவற்றுக்கு எதிரான தடைகள். கடைசியில் இரண்டையும் கோத்த வரிசைகள். பழைய போட்டிகளில் கம்பின் நுனியில் சாயமோ பொடியோ தடவி, எதிராளியின் உடலில் எத்தனை முறை பட்டது என்று அடையாளத்தை எண்ணினார்கள். நெற்றியில் பொட்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

இந்தக் கலையில் தடுப்பும் அடியும் எப்படிப் பிணைகின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். கம்பை ஒரு நுனிக்குப் பக்கத்தில் பிடித்துச் சுழற்றினால், கையிலிருந்து ஒரு அடி தூரத்தில் உள்ள இடத்தைவிட நான்கு அடி தூரத்தில் உள்ள நுனி நான்கு மடங்கு வேகமாக ஓடும். ஆகவே அடிக்க நுனி நல்லது. தடுப்பதற்கு நேர்மாறு. நுனியில் அடியை வாங்கினால் கம்பு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். கைக்கு அருகில் வாங்கினால் நிற்கும். ஒரே கம்பில் கைக்கு அருகே உள்ள பகுதி கேடயம், தொலைவில் உள்ள பகுதி வாள். எதிராளியின் வீச்சைக் கை அருகே தாங்கும் அதே சுழற்சியில் நுனி அவர் தோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்க முடியும். இது நெம்புகோலின் கணக்கு.

துவாஸ் என்ற மலாய்ச் சொல்லுக்கும் நெம்புகோல் என்று ஒரு பொருள் உண்டு. ஆலைகள் வருவதற்கு முன் அது மீனவர் ஊர். மரக்கிளைகளையும் தென்னை ஓலைகளையும் கடலில் போட்டு நிழல் உண்டாக்கி, நிழலுக்கு வரும் மீன்களை வலையோடு தூக்கி எடுக்கும் முறையிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள். வாத்தியாருக்கு இதைச் சொன்னவர் அவருடன் வேலை பார்த்த மலாய் நண்பர். அன்று முதல் "நம்ம பாடமே துவாஸ்தான் தம்பி" என்று சொல்லிச் சிரிப்பார்.

அடிதடி அல்ல, அடிதடை

நம் பேச்சில் அடிதடி என்றால் சண்டை. குமரி மாவட்டத்து ஆசான்களிடம் அடிதடை என்றால் பாடம்: ஒரு அடி, அதற்கு ஒரு தடை, அந்தத் தடையிலிருந்து ஒரு அடி. வெறுங்கையாகச் செய்யும் அடிமுறையிலும் குத்துவரிசையிலும் இந்த இணைப்புத்தான் உயிர். தக்கலை, தென்காசி வட்டாரத்து நம்மவர்களுக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல.

வாத்தியார் இதை மூன்று படியாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் படி, தடுத்து அடிப்பது. எதிராளி தலைக்கு வீசுகிறார், நீங்கள் கம்பை உயர்த்தித் தாங்குகிறீர்கள், பிறகு அடிக்கிறீர்கள். இது இரண்டு தாளம். பழகுபவருக்கு இதுதான் பாதுகாப்பு. ஆனால் நீங்கள் இரண்டாவது தாளத்துக்கு வரும்போது எதிராளியும் அடுத்த வீச்சுக்கு வந்துவிடுகிறார்.

இரண்டாம் படி, தடுப்பும் அடியும் ஒரே தாளத்தில். கம்பின் நடுப்பகுதியை இரு கையால் பிடித்து, ஒரு முனையால் வீச்சை ஒதுக்கும் அந்தத் திருப்பத்திலேயே மறு முனையைச் செலுத்துவது. வெறுங்கையில் இடக்கை ஒதுக்க, வலக்கை குத்தும். இதற்குக் காலடி மிக முக்கியம். நேராகப் பின்வாங்கினால் உங்கள் அடி எட்டாது. பக்கவாட்டில் அரை அடி விலகி முன்னேறினால்தான் அவர் அடி தவறும், உங்கள் அடி சேரும்.

மூன்றாம் படி, அடியே தடுப்பு. எதிராளியின் கை உயரும்போதே, வீச்சு பிறக்கும் முன்பே, அந்தக் கையை அல்லது மணிக்கட்டை அடிப்பது. தனியாகத் தடுப்பு என்று ஒன்று இல்லை. இதற்கு வலிமையைவிடக் கண் வேண்டும். தோள் அசைவதைப் பார்த்துக் கை வருவதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "கம்பைப் பார்க்காதே, தோளைப் பார்" என்று அவர் சொன்னது இதற்காகத்தான்.

உலகில் பல இடங்களிலும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஒக்கினாவாவின் கராத்தே ஆசான் மொட்டோபு சோகி (1870 - 1944), இரண்டு கைகளும் எப்போதும் சேர்ந்தே போக வேண்டும், ஒன்று காக்கும்போது மற்றது தாக்க வேண்டும் என்று கற்பித்தார். அதற்கு அங்கே கணவன்-மனைவிக் கை என்று பெயர். ஐரோப்பிய வாள்வீச்சில் தடுத்துத் திருப்பிக் குத்துவது ஒரு வகை. எதிராளி புறப்படும்போதே குத்தி நிறுத்துவது இன்னொரு வகை. தென்சீனத்து விங் சுன் கலையில் ஒரே நேரத்தில் ஒதுக்கிக் குத்துவது அடிப்படைப் பாடம்.

சிலாட்டின் பக்கம்

நாம் வாழும் இந்த வட்டாரத்தின் கலை சிலாட். அண்டை வீட்டு மலாய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து நம் பிள்ளைகள் பலர் பள்ளியிலும் சமூக மன்றத்திலும் சிலாட் கற்றிருக்கிறார்கள். சிலம்பத்தின் காலடியைப் போல அதற்கு லங்கா. நம் தடையைப் போல அதற்குத் தங்கிஸ். சிலம்பமும் சிலாட்டும் ஒரே வேரா என்று நம்மவர்கள் கூடினால் வாதம் நடக்கும். பெயர் ஒத்திருப்பதை வைத்து முடிவு சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் அருகருகே வாழ்ந்து ஒன்றையொன்று பார்த்திருக்கின்றன என்பது போதும்.

சிலாட் போட்டியின் விதிகளில் எங்களை மிகவும் கவர்ந்த ஒன்று உண்டு. பல ஆண்டுகள் நடப்பில் இருந்த புள்ளி முறைப்படி, கைக்குத்து பட்டால் 1 புள்ளி, உதை பட்டால் 2 புள்ளி, எதிராளியைக் கீழே வீழ்த்தினால் 3 புள்ளி. ஆனால் எதிராளியின் தாக்குதலைத் தடுத்தோ தவிர்த்தோ உடனே அடித்தால் கூடுதலாக 1 புள்ளி. அதாவது வெறும் அடியைவிடத் தடுப்பிலிருந்து பிறந்த அடிக்கு மதிப்பு அதிகம். நம் அடிதடையின் தத்துவம் ஒரு விளையாட்டின் விதிப்புத்தகத்தில் எண்ணாகவே எழுதப்பட்டிருந்தது.

இந்தக் கலையில் சிங்கப்பூருக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தவர் ஷேக் அலாவுதீன் யாக்கூப் மரைக்கான். 1990லும் 1994லும் உலக வாகையர். பின்னர் அவருடைய மகன்கள் ஷேக் ஃபர்ஹானும் ஷேக் ஃபெர்டௌஸும் உலகப் பட்டம் வென்றார்கள். 2018இல் உலகப் போட்டியே சிங்கப்பூரில் நடந்தது. மரைக்கான் என்ற பெயரை ஒலிபெருக்கியில் கேட்டபோது நம் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2019இல் யுனெஸ்கோ சிலாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

தனக்கென ஒரு முறை

ஒருவர் தமக்கென்று ஒரு முறையை உண்டாக்கலாமா? ஆசான் சொன்னதை அப்படியே காப்பதல்லவா மரபு? எங்கள் வகுப்பிலேயே இந்தச் சச்சரவு வந்தது. ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் வாத்தியாரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் வரிசை? கம்பைச் சின்னதாக்கிட்டீங்க, வீச்சைக் காணோம்" என்று கேட்டார். வாத்தியார் பதில் சொல்லவில்லை. அன்று மாலை எங்களிடம்தான் சொன்னார்.

அவருக்கு வேலையிடத்தில் ஒரு விபத்தில் வலது தோள் அடிபட்டிருந்தது. கை தலைக்கு மேல் முழுதாக எழாது. ஊரில் கற்ற பெரிய வீச்சுகள் பாதி போய்விட்டன. முதலில் ஒரு வருடம் கம்பைத் தொடவே இல்லையாம். பிறகு விடுதி அறையில், கட்டில்களுக்கு நடுவே, கையளவு இடத்தில், ரோத்தான் ஒன்றை மார்பு உயரத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு என்ன முடிகிறது என்று பார்க்கத் தொடங்கினார். தலைக்கு மேல் தாங்க முடியாததால் பக்கவாட்டில் விலகி ஒதுக்கக் கற்றார். அந்த விலகும் காலடியை மலாய் நண்பரின் லங்காவிலிருந்து எடுத்தார். பெரிய வட்டம் முடியாததால் இரு முனைகளையும் பயன்படுத்தினார். தாமதிக்கும் தோளை நம்பித் தடுத்துவிட்டு அடிக்க முடியாது. எனவே தடுப்பையும் அடியையும் ஒன்றாக்கினார். அவருடைய முறை ஆசையில் பிறந்ததல்ல. காயத்திலும் இடநெருக்கடியிலும் ஒரு நட்பிலும் பிறந்தது.

உலகம் அறிந்த புரூஸ் லீயின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. ஹாங்காங்கில் இப் மேனிடம் விங் சுன் கற்ற அவர், 1964இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேனுடன் மோதினார். அந்த மோதல் நினைத்ததைவிட நீண்டு, தமக்கு மூச்சு வாங்கியதைக் கண்டு தம் கலையையே மறுபடி பார்த்தார். குத்துச்சண்டையிலிருந்தும் மேலைநாட்டு வாள்வீச்சிலிருந்தும் பலவற்றை எடுத்தார். 1967இல் அதற்கு ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தார். இடைமறிக்கும் முட்டியின் வழி என்று பொருள். எதிராளியின் அடியை அது புறப்படும்போதே அடியால் மறிப்பது. எங்கள் வாத்தியாரின் மூன்றாம் படி. 1970இல் முதுகில் கடுமையாக அடிபட்டு மாதக்கணக்கில் படுத்திருந்தார். படுக்கையில் கிடந்தபடியே குறிப்பேடுகளை நிரப்பினார். 1973இல் அவர் மறைந்த பிறகு, 1975இல் அந்தக் குறிப்புகள் நூலாக வந்தன.

நமக்கு அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிங்கப்பூரின் தென்மேற்கே உள்ள புலாவ் சூடோங் தீவில் மெயோர் அப்துல் ரஹ்மான் தம் குடும்ப வழிக் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். அது சிலாட் செனி காயோங் என்று மலேசியா முழுவதும் பரவிய பெரும் அமைப்பாயிற்று. ஒரு சிறு தீவில் ஒருவர் கையிலிருந்த பாடம், மாணவர்களாலும் ஒழுங்கான பதிவாலும் பெரும் மரபாகியது.

இதிலிருந்து நாங்கள் கற்றது இது. தனிமுறை என்பது பல கலைகளிலிருந்து அழகான அசைவுகளைப் பொறுக்கிச் சேர்ப்பதல்ல. முதலில் ஒரு மரபில் கால் ஊன்ற வேண்டும். வாத்தியார் 15 ஆண்டு ஊர் வரிசையைப் பழகிய பிறகே அதை உடைத்தார். அடுத்து, தம் உடல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று ஒளிக்காமல் பார்க்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு தடையையும் எடுத்து, இதிலிருந்து எந்த அடி தானாகப் பிறக்கிறது என்று தேட வேண்டும். கையைத் திரும்ப இழுத்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தால் அந்த இணைப்பை விட்டுவிட வேண்டும். கடைசியாக, சொன்னபடி வராத ஒருவருடன் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் பழகிப் பார்க்க வேண்டும். மிஞ்சுவதுதான் உங்கள் முறை. வாத்தியாரிடம் மிஞ்சியவை பன்னிரண்டு கோர்வைகள். அவ்வளவுதான்.

நாங்கள் இழந்தது

அந்தப் பன்னிரண்டில் இன்று எங்கள் அனைவரின் கைகளையும் சேர்த்தால் ஏழு தேறுகிறது. ஒருவருக்கு நினைவில் இருப்பது இன்னொருவருக்கு வேறு மாதிரி இருக்கிறது. எட்டாவது என்று ஒருவர் செய்து காட்டுவதை மற்றவர் ஒப்புக்கொள்வதில்லை. வாத்தியார் இருந்தபோது கைபேசியில் படம் எடுக்கும் வசதி வந்துவிட்டது. கல்யாண விருந்துகளை மணிக்கணக்கில் எடுத்தோம். அவர் கம்பை எடுத்தபோது ஒருவரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

2020 ஏப்ரலில் நோய்ப் பரவலைத் தடுக்க நாடே அடங்கியபோது, துவாஸ் பக்கத்து விடுதிகளில் இருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் வாரக்கணக்கில் அறையைவிட்டு வெளியே வர முடியாமல் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் ஊரில் வாத்தியார் மௌத்தானார். ஜனாஸாவுக்குப் போக விமானம் இல்லை. இங்கிருந்தே காயிப் ஜனாஸா தொழுதோம். அன்றிரவு தொலைபேசியில் பேசிக்கொண்டபோதுதான், யார் யாருக்கு எந்தக் கோர்வை தெரியும் என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை ஏழில் நின்றது.

புரூஸ் லீ 1970இல் தம் பயிற்சிப் பள்ளிகளை மூடினார். மாணவர்கள் தம் வழியைச் சட்டமாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அது நியாயமான அச்சம். வாத்தியாரின் தோளுக்கு ஏற்ற முறை, நல்ல தோள் உள்ள பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பதில் இது: அசைவை அப்படியே கடத்த வேண்டும் என்பதில்லை, ஏன் அப்படி அசைந்தார் என்ற காரணத்தைக் கடத்த வேண்டும். காரணம் தெரிந்தால் பிள்ளை தன் உடலுக்கு ஏற்ற பதிமூன்றாவதைக் கண்டுபிடிக்கும். ஆனால் காரணமும் அசைவோடு சேர்ந்துதான் நினைவில் நிற்கிறது. அசைவு போனால் காரணமும் போய்விடுகிறது. ஏழு கோர்வைகளின் காரணம் எங்களுக்குத் தெரியும். மற்ற ஐந்தின் காரணம் அவரோடு போய்விட்டது.

இனி

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. மலேசியாவிலும் இங்கேயும் பெண்பிள்ளைகள் உட்படப் பலர் கம்பு எடுக்கிறார்கள். போட்டிக்கென்று வரும்போது விதிகள் ஒன்றாகும், வரிசைகள் ஒன்றாகும். அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு வாத்தியாரும் தம் உடலாலும் அனுபவத்தாலும் கண்டெடுத்த சின்னச் சின்ன முறைகள் அந்தப் பொதுமையில் கரைந்துவிடும். அவற்றைக் குறித்து வைக்க வேண்டியவர்கள் சங்கங்களும் குடும்பங்களும்தான்.

ஆகவே சங்க உறுப்பினர் குடும்பங்களிடம் எங்கள் வேண்டுகோள். உங்கள் வீட்டில் கம்பு சுற்றிய நன்னாவோ, குத்துவரிசை தெரிந்த மாமாவோ, சிலாட் கற்ற பிள்ளையோ இருந்தால் இந்த வாரமே படம் எடுங்கள். முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை. காலடியைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று அவர் வாயாலேயே பதிவு செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் ஒரு விபத்தோ, ஒரு நண்பரோ, ஒரு சின்ன அறையோ இருக்கும். அதுவும் நம் சமூகத்தின் வரலாறுதான்.

எங்களிடம் உள்ள ஏழு கோர்வைகளையும் நாங்கள் படமெடுத்து, காரணங்களோடு எழுதி, இந்தப் பொன்விழாவை ஒட்டிச் சங்கத்தின் நூலகத்தில் ஒப்படைக்கிறோம். எட்டாவதையும் சேர்த்திருக்கிறோம், ஒப்புக்கொள்ளாதவரின் கருத்தையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.

2017இல் துவாஸ் லிங்க் வரை ரயில் வந்துவிட்டது. அன்று இரண்டு பேருந்து மாறிப் போன இடத்துக்கு இன்று லிட்டில் இந்தியாவிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனபோது, விடுதிக்கு அருகில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேர் கம்பு பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடிக்க, ஒருவர் தடுத்து, பிறகு அடித்தார். இரண்டு தாளம். எங்களில் ஒருவர் அருகில் போய், "தம்பி, அந்தத் தடையிலேயே அடி இருக்கு, காட்டட்டுமா?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே கம்பை நீட்டினார். கம்பை வாங்கியவர் முதலில் சலாம் வரிசை செய்தார். எதிரே நின்ற பிள்ளைகள் நால்வரும், யாரும் சொல்லாமலே, அதைத் திரும்பச் செய்தார்கள்.

வாத்தியாரின் மறுமைக்காக எல்லோரும் துஆச் செய்யுங்கள்.